வைசாலியின் முரசு



பூரணை நாளில் விகாரையிலே கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற பின்னர், வெளித் திண்ணையில் அமர்ந்து நாம் பேசுவது என்ன? சில திங்களாக யாம் இதனைக் கவனித்து வருகின்றோம். தீய சொல்லை விலக்குவேன் என்று சற்று முன்னர் உறுதி கூறிய அதே நா, படியிறங்கியதும் நம்முடைய கட்சிக்காரர்களை ஏசத் தொடங்குகிறது. 'அவர் விலைபோய்விட்டார்', 'இவர் பதவிக்காகக் குனிந்துவிட்டார்', 'அந்த உறுப்பினர் சபையிலே வாய் திறக்கவில்லை' என்று ஒரு மணி நேரம் கழிகிறது. நம்மை ஒடுக்குவோரைப் பற்றி ஒரு சொல் எழுவதில்லை. நம் தெருவின் வாக்காளர் பட்டியலைப் பற்றி அரைச் சொல்லும் எழுவதில்லை. பிறரே இவ்வாறு பேசுகின்றனர் என்று கூறி யாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அத்திண்ணையில் யாமும் அமர்ந்திருந்தோம்; யாமும் ஏசினோம். ஆதலின் இவ்வுபதேசம் முதலில் எமக்கு, பின்னரே உங்களுக்கு.

மகாபரிநிர்வாண சூத்திரத்தின் தொடக்கத்தை நினைவுகூருங்கள். இராஜகிருகத்துக் கழுகுக் குன்றத்தில் பகவான் எழுந்தருளியிருந்த காலம். மகத வேந்தன் அஜாதசத்து, வஜ்ஜியரின் குடியரசை வேரறுக்கக் கருதித் தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவானிடம் அனுப்பினான். பகவான் அவ்வமைச்சனுக்கு நேரே விடை கூறவில்லை. பின்னே நின்று விசிறிக்கொண்டிருந்த ஆனந்தரை நோக்கி ஏழு வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். வஜ்ஜியர் அடிக்கடி கூடுகின்றனரா? ஒன்றுபட்டுக் கூடி, ஒன்றுபட்டே கலைகின்றனரா? வகுத்த முறைமையை வழுவாது காக்கின்றனரா? முதியோர் சொல்லுக்குச் செவிசாய்க்கின்றனரா? பெண்டிருக்குத் தீங்கு நேராமற் காக்கின்றனரா? வழிபாட்டிடங்களைப் பேணுகின்றனரா? அறவோருக்கு ஆதரவளிக்கின்றனரா? இவை நிலைபெறும்வரை வஜ்ஜியருக்கு வளர்ச்சியேயன்றித் தேய்வில்லை என்று அருளினார்.

இவ்வேழு வினாக்களையும் நிதானமாக எண்ணிப் பாருங்கள். வஜ்ஜியரின் தலைவன் நல்லவனா, நாவன்மை உடையவனா, அஞ்சாநெஞ்சனா என்று ஒரு வினாவும் அவற்றுள் இல்லை. ததாகதர் வினவியது மக்களின் வழக்கத்தை. அதிலும் முதலிரண்டு வினாக்கள் கூடுதலைப் பற்றியவை. ஒரு குடியரசின் உயிர் அதன் மேடையில் இல்லை. மன்றத்தில் விரித்த பாயில் இருக்கிறது. பாய் நிறைந்திருக்குமானால் மெலிந்த தலைவனும் நிமிர்ந்து நிற்பான். பாய் வெறிச்சோடிக் கிடக்குமானால் வலிய தலைவனும் தனியனே.

பின்னர் நிகழ்ந்ததை உரையாசிரியர் புத்தகோஷர் விரித்துரைக்கிறார். படையால் வெல்ல இயலாதென்று தெளிந்த வஸ்ஸகாரன், அரசனோடு பிணங்கித் துரத்தப்பட்டவன்போல் நடித்து வைசாலியுட் புகுந்தான். அங்கே நற்பெயர் எடுத்தான். பின்பு லிச்சவியருள் ஒருவனைத் தனியே அழைத்து, 'உங்கள் ஊரில் உழவு நடக்கிறதா?' என்பதுபோல் அற்பமான ஏதேனும் கேட்பான். 'அமைச்சர் உன்னிடம் என்ன சொன்னார்?' என்று மற்றவர்கள் வினவுவார்கள். அவன் உள்ளதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். வேறொருவனிடம், 'நீ வறியவனாமே?' என்பான், இன்னொருவனிடம், 'நீ கோழையாமே?' என்பான், 'யார் சொன்னது?' என்றால் மற்றொரு லிச்சவியின் பெயரைச் சொல்வான். மூன்றாண்டுகளில் இருவர் ஒரு வழியில் நடவாத நிலை வந்தது. அப்பொழுது அவன் முரசறையச் செய்து பார்த்தான். 'செல்வர்கள் போகட்டும், வீரர்கள் போகட்டும், எமக்கென்ன?' என்று அவரவர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். பின்னர் அஜாதசத்துவின் படை வந்தபோதும் முரசு ஒலித்தது. ஒருவரும் வரவில்லை. திறந்து கிடந்த வாயில் வழியே பகைவன் உள்ளே நுழைந்தான்.

வைசாலியை வீழ்த்தியது 'அவர்கள் போகட்டும்' என்ற சொல். அச்சொல் பிறப்பதற்கு முன் பிறந்தது ஐயம். முதலில் நம்மவரை ஐயுறுகிறோம். பின்பு நம் கடமையை அவர் தலையிலேயே ஏற்றிவிட்டு வீட்டில் இருக்கிறோம். அவர் தோற்றபின், 'நான் அன்றே சொன்னேனே' என்கிறோம். இன்று வஸ்ஸகாரன் வீடு வீடாக நடந்து வரவேண்டியதில்லை. நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியிலேயே குடியிருக்கிறான். யார் எழுதியதென்று அறியாத ஒரு வசையை நம் கைவிரலே நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறது.

எமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஊரையும் பெயரையும் விடுக்கின்றோம். நகரசபைத் தேர்தல் ஒன்றில் நம் கட்சி சார்பில் நம் தெருவைச் சேர்ந்த ஒருவரே நின்றார். சில வாக்குகளால் தோற்றார். ஆறு திங்கள் அவரை யாம் விடவில்லை. 'எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு சோம்பியிருந்தார்' என்றும் பேச்சு எழுந்தது. யாம் அதனை மறுக்கவில்லை. பின்னொரு நாள் வேறொரு காரியத்துக்காக அவ்வார்டின் பட்டியலை எடுத்து வீடு வீடாகச் சரிபார்க்க நேர்ந்தது. மணமாகி வந்த பெண்கள், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள், வீடு மாறி வந்தவர்கள் எனப் பெயரில்லாதோர் வரிசையாக வந்தனர். அவர் தோற்ற வாக்குகளைவிட விடுபட்ட பெயர்களே மிகுதி. வரைவுப் பட்டியல் வெளியானபோது அதனைப் பார்க்க நம்மில் ஒருவரும் போகவில்லை. அன்று யாம் திண்ணையில் இருந்தோம். பட்டியலை மூடி வைத்துவிட்டு அவர் இல்லம் சென்றோம். அவர் தேநீர் கொடுத்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை. அந்தத் தேநீர் எமக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பௌத்தராகிய நமக்குச் சார்பிற் றோற்றம் என்னும் பேருண்மை போதிக்கப்பட்டிருக்கிறது. எப்பொருளும் தானே தோன்றுவதில்லை. சார்புகளைப் பற்றியே தோன்றுகிறது. நம் பிரதிநிதியின் தளர்ச்சியும் அத்தகையதே. 1932 செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி வாக்குரிமையின்கீழ் மாகாண சபைகளில் நமக்குக் கிடைக்கவிருந்த இடங்கள் 71. ஒப்பந்தத்தால் அவை 148 ஆயின. எண்ணிக்கை இரட்டித்தது, ஆனால் நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் மட்டும் இல்லாமற் போயிற்று. இன்றும் தனித் தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரை வெல்லச் செய்வதோ பெரும்பாலும் பிறர் வாக்கு. செலவும் பிறருடையது, வாக்கும் பிறருடையது என்றிருக்கையில் அவர் யார் முகம் பார்ப்பார்? 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. நாம் உப்பிடாமலே நம்மை நினைக்கவேண்டும் என்கிறோம்.

குணக்குறைவே காரணம் என்று இன்னும் கருதுவோர் 1952-ஐ எண்ணுக. பாபாசாகேப் அம்பேத்கர் அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் பம்பாயில் தனித் தொகுதியில் நின்று தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியலமைப்பை வரைந்தவருக்கு அறிவு குறைவா? மகாடு குளத்து நீரை அள்ளிப் பருகியவருக்கு அஞ்சாமை குறைவா? குறைவாயிருந்தது அவர் பின்னே திரண்ட வாக்கு.

நம் இயக்கத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை. அவ்வாண்டு டிசம்பர் 6-இல் பாபாசாகேப் மறைவு. 1957 அக்டோபர் 3-இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் பிறப்பு. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் நம் தமிழராகிய ந. சிவராஜ். இரண்டே ஆண்டுகளில் கட்சி பிளவுற்றது. ஆயினும் தாதாசாகேப் கெய்க்வாட் போன்றோர் சேரிதோறும் நடந்து, நிலமில்லா ஏழையரைத் திரட்டினர். 1964 டிசம்பர் 6-இல் தொடங்கிய நாடு தழுவிய சத்தியாக்கிரகத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர் என்பர். உழுபவனுக்கு நிலம், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை முழுதும் நிறைவேற்றல், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பாபாசாகேபின் படம், பௌத்தம் தழுவியோருக்கும் பட்டியலினத்தாரின் உரிமைகள் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. மைய மண்டபத்தில் படம் திறக்கப்பட்டதும், பௌத்தருக்கு அவ்வுரிமையை அளிக்கும் சட்டம் நிறைவேறியதும் 1990-இல். இடையிலே இருபத்தாறு ஆண்டுகள்! அவ்வாண்டுகளில் தலைவர்கள் பிரிந்தனர்; பிரிந்தவர்களும் பிரிந்தனர்; தொண்டர்களோ ஒரு பிரிவை ஏசுவதே மறு பிரிவின் தொண்டு என்றிருந்தனர். எத்தனை இளைஞர் அக்காலத்தில் கல்வியும் வேலையும் இழந்து வயது கடந்திருப்பர்! அவ்விழப்பில் ஒரு பங்கு அந்த வசைகளின் விலை.

ஒன்றுபட்டபோது நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. 1998-இல் மகாராஷ்டிரத்துக் குடியரசுக் கட்சித் தலைவர்கள் ஓரணியில் நின்று, காங்கிரசோடு உடன்பாடு கொண்டு தேர்தலைச் சந்தித்தனர். நால்வர் பொதுத் தொகுதிகளிலிருந்தே மக்களவைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டே ஒற்றுமை குலைந்தது. தலைவர்கள் பிரிந்தபோது அவர்களைக் கட்டி நிறுத்தத்தக்க கிளைகள் கீழே இல்லை. தங்கவயலையும் நினையுங்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டு வாழ்வு சிதைந்த பின்னரும், 2004-இல் அத்தொகுதி குடியரசுக் கட்சியின் வேட்பாளரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அயோத்திதாசப் பண்டிதர் காலந்தொட்டுச் சங்கக் கிளை, சொற்பொழிவு என்று கூடிப் பழகிய தெருக்கள் அவை. கூடும் பழக்கம் ஒரு நாளில் வருவதுமன்று. ஒரு நாளில் போவதுமன்று.

அடிப்படையிலிருந்து கட்டியவர் ஒருவரின் வழியையும் காண்போம். 1960-களில் புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் புத்தர் பிறந்த நாளுக்கும் அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் இருந்த விடுமுறைகள் நீக்கப்பட்டன. எதிர்த்து நின்றவர் தீனாபானா என்னும் நான்காம் நிலைப் பணியாளர். வேலையிலிருந்து விலக்கியபோதும் அவர் பணியவில்லை. அங்கே பணிபுரிந்த கான்ஷிராம் அவர் பக்கம் நின்றார். விடுமுறைகள் மீண்டன. கான்ஷிராமின் வாழ்வும் மாறிற்று. சில ஆண்டுகள் குடியரசுக் கட்சியோடு உழைத்து, அதன் பிளவுகளைக் கண்டு மனங்கசந்தார். கசந்தவர் திண்ணையில் அமரவில்லை. பிறர் கைக்கருவியாகும் நம் தலைவர்களைப் பற்றி 1982-இல் நூலே எழுதினார். அதிலும் கருவியை ஏசுவதோடு நில்லாமல், கருவிகள் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன என்று பூனா ஒப்பந்தம்வரை சென்று ஆராய்ந்தார். அதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். 1978 டிசம்பர் 6-இல் நம் அரசு ஊழியர்களின் பாம்செப் அமைப்பு; 1981-இல் போராட்டக் குழு; 1983-இல் பல மாநிலங்களைக் கடந்த மிதிவண்டிப் பயணம்; 1984 ஏப்ரல் 14-இல்தான் பகுஜன் சமாஜ் கட்சி. பணம், நேரம், திறமை ஆகியவற்றில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊழியரை வேண்டினார். கூரைக்கு முன் சுவர், சுவருக்கு முன் கடைக்கால் என்னும் வரிசை அது.

அக்கட்சியின் மாயாவதி 1984-இல் கைரானாவில் தோற்றார். 1985-இல் பிஜ்னோரில் தோற்றார். 1987-இல் ஹரித்வாரில் தோற்றார். தொண்டர்கள் மிதிவண்டியை விட்டிறங்கவில்லை. 1989-இல் பிஜ்னோரில் வென்றார். 1995-இல் உத்தரப் பிரதேச முதலமைச்சரானார். 2007-இல் 403 இடங்களுள் 206-ஐ அக்கட்சி தனித்தே பெற்றது. இதனோடு நிறுத்திவிட்டால் யாம் பாதியுண்மை உரைத்தவராவோம். 2022-இல் அதே மாநிலத்தில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஓரிடமே. ஆட்சி வந்தபின் எல்லாம் லக்னோவிலிருந்து நடக்கும் என்று கிராமக் கிளைகள் சோர்ந்ததும் இதற்கு ஒரு காரணமென்று யாம் கருதுகிறோம். அநித்தியம் எல்லாவற்றுக்கும் பொது. கட்டிய சுவருக்கும் ஆண்டுதோறும் சுண்ணாம்பு வேண்டும்.

'அப்படியானால் தவறிழைத்தவரைக் கண்டிக்கவே கூடாதா? பொறுத்துக்கொண்டே இருப்பதா?' என்று வினவுவீர்கள். நல்ல வினா. இதற்குக் கோசாம்பி நகரத்து உபாசகர்கள் விடை கூறுவார்கள்.

கோசாம்பியில், கழிப்பறைக் கலத்தில் மிச்ச நீர் வைத்த சிறு குற்றம் பற்றிப் பிக்குகள் இரு பிரிவாயினர். பகவான் தடுத்தும் கேளாராயினர். பகவான் தனியே வனம் புகுந்தார். அப்பொழுது நகரத்து இல்லறத்தார் என்ன செய்தனர்? தெருவில் நின்று பிக்குகளை ஏசினரல்லர். ஒரு பிரிவாரைச் சேர்ந்துகொண்டு மறு பிரிவாரைத் தூற்றினரல்லர். ஒன்றுகூடி ஒரு முடிவு செய்தனர். இவர்களை வணங்குவதில்லை; எழுந்து வரவேற்பதில்லை; பிச்சை இடுவதில்லை. அவ்வளவே. பிக்குகள் சாவத்தி சென்று பகவான் முன்னிலையில் பிணக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

இதன் பொருளை உணருங்கள். நிறுத்துவதற்கு அவ்வுபாசகர் கையில் சோறு இருந்தது. நாள்தோறும் இட்ட கை ஆகையால், இடாத நாளில் அதன் வலிமை தெரிந்தது. நாம் நம் பிரதிநிதிக்கு இடும் பிச்சை எது? தேர்தல் செலவுக்கு ஒரு காசு கொடுத்தோமா? வாக்குச்சாவடியில் நாள் முழுதும் முகவராய் அமர்ந்தோமா? பெயர் சேர்த்தோமா? ஒன்றும் இடாதவனுக்கு நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை. அவனிடம் எஞ்சுவது வசை ஒன்றே. ஏசுதல் வலிமையின் அடையாளமன்று, வலிமையில்லாமையின் ஓசை.

கண்டிக்கும் முறையையும் பகவான் பிக்குகளுக்கு வகுத்திருக்கிறார். காலமறிந்து சொல்க; உண்மையைச் சொல்க; மென்மையாகச் சொல்க; பயனுள்ளதைச் சொல்க; அன்போடு சொல்க என்பன அவ்வைந்து. நம் கட்சிக்காரர் தவறினால் அவர் வீட்டுக்கு ஐவராகச் செல்லுங்கள். வார்டில் எத்தனை குடும்பங்கள் உம்மோடு நிற்கின்றன என்ற ஏட்டைக் கையில் கொண்டு செல்லுங்கள். அன்போடு கேளுங்கள். பலமுறை கேட்டும் திருந்தாராயின், அடுத்த முறை அவ்விடத்துக்கு வேறொருவரைக் கட்சிக்குள்ளேயே முன்னிறுத்துங்கள். ஊழலும் கொடுமையும் புரிந்தாரெனில் சட்டத்தின்முன் நிறுத்த அஞ்சாதீர்கள். தம்மம் கள்வனை மறைக்கச் சொல்லவில்லை. ஆயின் ஐயத்தையே சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருக்கிச் சொல்வோம். ஒவ்வொரு சங்கக் கிளையும் தெருவுக்கு ஓர் ஏடு வைக்கட்டும். வீடு வீடாகப் பெயர் எழுதி, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடட்டும். புதுப் பெயர் சேர்க்கப் படிவம் 6, பிழை திருத்தவும் இடம் மாற்றவும் படிவம் 8. பதினெட்டு நிரம்பியோர் பெயர் சேர்க்கும் தகுதி நாள் முன்னர் ஆண்டுக்கு ஒன்றே. 2022 முதல் சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் முதல் நாட்கள் என நான்கு. வேலையிலுள்ளோர் திங்கள்தோறும் ஒரு சிறு தொகையைக் கிளைப் பெட்டியில் இடட்டும். கணக்கைப் பூரணைதோறும் உரக்கப் படிக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் கூடவேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்பொழுது கூடிற்று என்று எழுதிக் கேளுங்கள். கர்நாடகத்திலுள்ளோர், நம் மக்கட்டொகைக்கேற்ப நிதி ஒதுக்கவேண்டுமென்ற 2013 சட்டப்படி தம் நகரசபையில் செலவானது எவ்வளவு என்று வினவுங்கள். கிடைத்த விடையை நம் உறுப்பினர் கையிற் கொடுங்கள். வாய் திறக்கவில்லை என்று அவரை ஏசினோமே. பேசுவதற்கு ஒரு தாளாவது நாம் கொடுத்ததுண்டா?

இளைஞர்களே, பெரியவர்கள் உங்களுக்குக் கசப்பைச் சீதனமாகத் தந்திருக்கிறார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உபாசிகைகளே, வீடு வீடாகச் செல்லும் பணியை உங்களைப் போல் பொறுமையாகச் செய்வோர் இலர். சங்கத்தின் ஏடுகள் உங்கள் கையில் இருக்கட்டும். நகரசபை இடங்களும் உங்கள் கைக்கு வரட்டும்.

அடுத்த பூரணைக்குள் யாம் ஒன்று செய்ய உறுதி பூண்டிருக்கிறோம். எம் தெருவின் ஏட்டை எழுதி முடித்து விகாரைக்குக் கொண்டுவருவோம். யாம் ஏசிய அந்நண்பரையும் உடன் அழைத்து வருவோம். நீங்களும் உங்கள் ஏட்டோடு வாருங்கள். வைசாலியின் முரசு இன்றும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. 'அவர்கள் போகட்டும்' என்று ஒருவரும் சொல்லாதிருப்போமாக. ஒன்றுபட்டுக் கூடுவோம், ஒன்றுபட்டே கலைவோம்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!